பதினோரு மணிக்கு எஞ்சின் நல்லாத்தான் ஓடும்

திருச்சியில் விமான எஞ்சினுக்குள் ஐஸ் பிடிக்கும் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், சோடாக் கடைக்குப் போய்ச் சொல்லுங்கள், அவனுக்காவது உபயோகப்படும் என்று அனுப்பியிருப்பேன். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் ஊர் இது. ஆனால் 1963 டிசம்பரில் அந்த ஐஸை நான் கண்ணால் பார்த்தேன், விரலால் தொட்டேன். அதற்குமுன் ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டும் இருந்தேன். அந்த ஐந்து நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபத்தில் பாதி மற்றவர்கள் மேல், பாதி என் மேல்.

என் பெயர் பிலோமின்ராஜ். அப்போது ஏரோடிரோம் ஓரத்தில் இருந்த ஒரு பயிற்சி கிளப்பில் மெக்கானிக். கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பேர் உட்காரும் ஒரே ஒரு சின்ன விமானம், கற்றுக்கொடுக்க கேப்டன் அற்புதசாமி, கணக்கும் கடிதமும் பார்க்கச் செயலாளர் வீரராகவன். தினமும் காலையில் எஞ்சினைப் பார்த்து லாக் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் தரையை விட்டுக் கிளம்பலாம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கவர்னர் வந்தாலும் என் கையெழுத்துதான்.

அந்த விமானத்தில் 'ஹாட் ஏர்' என்று ஒரு சின்னக் குமிழ் உண்டு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். குமிழை இழுத்தால், புகைக்குழாயைச் சுற்றி வந்து சூடான காற்று கார்புரேட்டருக்குள் போகும். சூடான காற்றில் எஞ்சினுக்குக் கொஞ்சம் வலு குறையும். ஜூன் மாதத்தில் ஒரு மாணவர் மேலே கிளம்பும்போது கை தவறி அதை இழுத்துவிட்டார். வலு போதாமல் விமானம் வேலிக் கம்பியை உரசிக்கொண்டு போயிற்று. இறங்கி வந்த கேப்டன் ஒரே கத்தாகக் கத்தினார். "இது என்ன லண்டனா? இந்த ஊர்ல எவனுக்குய்யா சூடு வேணும்? கட்டித் தொலை அதை!" நான் செம்புக் கம்பியை எடுத்து, குமிழை அசையவிடாமல் மூன்று முறுக்கு முறுக்கிக் கட்டினேன். லாக்கில் எழுதட்டுமா என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் எதுக்குய்யா எழுத்து?" என்றார். எழுதவில்லை. கட்டு அழகாக வந்திருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கட்டியதை மறுத்துக் கேட்டது வேதவதி ஒருத்திதான். ஸ்ரீரங்கத்துப் பெண், இருபத்துநாலு வயது, டவுனில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். சம்பளத்தில் பாதியைக் கிளப்பில் கட்டிப் பறக்கக் கற்றுக்கொண்டவள். "கேப்டன், இறங்கறச்சே ஹாட் ஏரை இழுக்கணும்னு கைப்புஸ்தகத்துல போட்டிருக்கே?" என்றாள். "புஸ்தகம் எழுதினவன் குளிர் நாட்டுக்காரன்மா" என்றார் அவர். நானும் சிரித்தேன்.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள், புதன்கிழமை. விடிந்ததும் வேதவதி தனியாகக் கிளம்பினாள். ஜனவரியில் அவளுக்கு லைசென்ஸ் பரீட்சை. ஊர் முழுக்க மூட்டம், கொட்டகைத் தகரத்திலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மேலே காற்று அசையாமல் இருக்கும், கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுதான் நல்ல நேரம். ஏழு மணிக்குத் திரும்ப வேண்டியவள் வரவில்லை. ஏழரைக்குத் திருவானைக்காவலிலிருந்து ஒரு ஆள் போன் செய்தான்: "சார், கொள்ளிடத்து மணல்ல உங்க பிளேன் நிக்குது. ஒரு பொண்ணு பக்கத்துல நிக்குது."

நானும் கேப்டனும் ஜீப்பில் சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, காவிரிப் பாலம் ஏறி, கொள்ளிடக் கரைக்குப் போய்ச் சேரும்போது ஒன்பது மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்ரீரங்கம் பாதி அங்கேதான் நின்றது. பெரிய கோயிலில் பகல் பத்து உற்சவத்துக்கு வந்த வெளியூர்க் கூட்டமும் சேர்ந்துகொண்டது. விமானத்தில் ஒரு கீறல் கிடையாது. அந்தப் பெண் எஞ்சின் இல்லாமல், ஈர மணலாகப் பார்த்து, பூவை வைப்பதுபோல் இறக்கியிருந்தாள். இதை முதலில் ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை.

"உயரத்துல எஞ்சினைக் குறைச்சு, கிளைட் பண்ணி, சறுக்கிண்டே இறங்கிண்டிருந்தேன். மறுபடி வேகம் கூட்ட த்ராட்டிலைத் தள்ளினா எஞ்சின் எழுந்துக்கவே இல்லை. இருமிண்டு, அப்படியே செத்துப் போச்சு. கார்புரேட்டர்ல ஐஸ். அதைக் கரைக்க ஹாட் ஏரை இழுத்தேன், வரலை" என்றாள். அவள் வலது கை விரல்கள் கன்றிப் போயிருந்தன. கம்பி அறுத்திருந்தது.

கூட்டத்தில் யாரோ "ஐஸாம்!" என்றான். ஒரே சிரிப்பு. கேப்டன் என்னிடம், "எஞ்சினைச் சுத்துய்யா" என்றார். நான் போய் முன்விசிறியைப் பிடித்து ஒரே இழுப்பு. அந்தப் பாழாய்ப்போன எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டு சமர்த்தாக ஓடியது. கேப்டன் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே கட்டினேள்? சொல்லுங்கோ பிலோமின்ராஜ் சார்" என்றாள்.

கேப்டனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லாக்கில் எழுதாத கட்டு. வெளியே வந்தால் என் மெக்கானிக் லைசென்ஸ் போகும். எனக்கு மூன்று பிள்ளைகள். "எஞ்சின் நல்லாத்தான் இருக்குங்க சார்" என்றேன்.

பன்னிரண்டு மணி வெயிலில் கேப்டன் அதே விமானத்தைக் காய்ந்த மணலில் உருட்டி, தானே ஓட்டிக்கொண்டு ஏரோடிரோம் வந்து சேர்ந்தார். வழியெல்லாம் எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லையாம். அதைச் சாயந்திரத்துக்குள் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டார். பொம்பளைப் பிள்ளை பயந்து எஞ்சினை அணைத்துவிட்டது என்பது ஊர் முடிவு. வேதவதியின் அப்பா ஏற்கனவே சொல்லியிருந்தாராம், உன் மேல் ஒரு தப்பு என்று யாராவது சொன்னாலும் அன்றோடு பறப்பது நின்றுவிட வேண்டும் என்று. விசாரிக்கிற கிளப் கமிட்டி அவள் மேல் தப்பு என்று எழுதினால் பரீட்சையும் இல்லை, இனி வானமும் இல்லை. அவள் தலைக்குமேல் தொங்கியது அவ்வளவுதான், அவ்வளவும்தான்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். விசாரணை நேர்மையாக நடக்க வேண்டும் என்று செயலாளர் வீரராகவன் முடிவு செய்தார். தினமும் எஞ்சினை அவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். எத்தனை மணிக்கு? பதினோரு மணிக்கு! மார்கழி பூராவும் அவருக்கு விடியற்காலை ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில். பெருமாளை சேவித்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு முடித்து, கார் ஏறி வரப் பதினொன்றாகும். வியாழன் பதினோரு மணிக்கு ஓட்டினேன், எஞ்சின் நல்லாத்தான் ஓடியது. வெள்ளி பதினோரு மணிக்கு ஓட்டினேன், நல்லாத்தான் ஓடியது. வெயிலில் பொரிந்துபோய் நிற்கிற எஞ்சினில் எங்கே ஐஸ் வரும்? குமிழில் கம்பி இருக்கிறது என்று அவள் சொன்னதை ஏறிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, ஓடுகிற எஞ்சினே அவர்களுக்குப் போதும்.

வெள்ளிக்கிழமை வேதவதி அவரிடமே கேட்டாள். "மாமா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் காலம்பற ஆறு மணிக்கு வாங்கோளேன். மூட்டம் இருக்கறச்சே ஓட்டிப் பாருங்கோ."

"நன்னா இருக்கே! பகல் பத்து நடந்துண்டிருக்கு. பெருமாளை விட்டுட்டு உன் பெட்ரோல் டப்பாவைச் சேவிக்க வரச் சொல்றியா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தனக்குச் சௌகரியமான நேரத்தில்தான் உண்மையும் தென்படும் என்று நம்பிய பெரிய மனிதர். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். கேப்டனோ ஆறு மணிக்கே ஏரோடிரோமில் இருக்கிறவர். அவர் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமையும் பதினோரு மணி ஓட்டம் முடிந்தது. எல்லாரும் போன பிறகு நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். மெக்கானிக்குகள் எண்ணெய்க் கையைப் பெட்ரோலில்தான் கழுவுவோம். வேதவதி போகாமல் அங்கேயே நின்றாள்.

"கை சில்லுனு இருக்கா?" என்றாள்.

"இருக்குங்க. பெட்ரோல்னா அப்படித்தான் இருக்கும்."

"வெயில்ல இருந்த பெட்ரோல். ஏன் சில்லுங்கறது? ஆவியாகிப் போறச்சே உங்க கையிலேர்ந்து சூட்டை எடுத்துண்டு போறது. ஒரு கை பெட்ரோலுக்கே இப்படின்னா, கார்புரேட்டர் தொண்டைக்குள்ள நிமிஷத்துக்கு நிமிஷம் எவ்வளவு ஆவியாறது? காத்துல இருக்கற ஈரம் அதுல படிஞ்சா என்ன ஆகும்? நான் லாப்ல முதல் வருஷத்துக் குழந்தைகளுக்குச் சொல்லித் தரது இது. நீங்க இருபது வருஷமா கையிலேயே வெச்சிண்டிருக்கேள்."

மார்கழிக் காலையில் கழுவும்போது அந்தப் பெட்ரோல் கையைக் கடிப்பது எனக்குத் தெரியும். விரல் மரத்து, ஸ்பானர் நழுவி விழுந்திருக்கிறது. இருபது வருஷத்தில் ஒரு நாளாவது ஏன் என்று கேட்டேனா? மடையன்.

அன்று சாயந்திரம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனேன். வரிசையில் நின்று, முழந்தாள் போட்டு, சாமியாரிடம் வழக்கமான பட்டியலைச் சொன்னேன். கோபம், பிள்ளைகளை அடித்தது, இரண்டு ஞாயிறு பூசை தவறியது. கம்பியைச் சொல்லவில்லை. பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுநாள் பூசையில் திவ்விய நற்கருணை வாங்கவில்லை, பாவத்தை மறைத்தவன் அதை வாங்கக்கூடாது. வீட்டில் ஏன் என்று கேட்டார்கள், வயிறு சரியில்லை என்றேன்.

திங்கள்கிழமை பதினோரு மணிக்குக் கமிட்டி. நான் காலை ஐந்தரைக்கே மன்னார்புரத்திலிருந்து சைக்கிளை மிதித்துப் போய்விட்டேன். மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கொட்டகை பெருக்கும் மாரியாயி மட்டும் வந்திருந்தாள். விமானத்தை வெளியே தள்ளி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றால் கட்டி, எஞ்சினை எழுப்பினேன். சூடேறிய பிறகு, இறங்கும்போது குறைப்பார்களே, அப்படிக் குறைத்து வைத்துக் காத்திருந்தேன்.

ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. ஏழு, எட்டு நிமிஷத்தில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் மெல்ல இறங்க ஆரம்பித்தது. பத்து நிமிஷத்தில் எஞ்சின் இருமியது. த்ராட்டிலைத் தள்ளினேன், எழுந்திருக்கவில்லை. இரண்டு தடவை உதறிவிட்டு நின்றே போயிற்று. அவள் சொன்ன அதே வார்த்தை, இருமிக்கொண்டு செத்துப் போயிற்று.

மூடியைக் கழற்றி, காற்றுக் குழாயை விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்புரேட்டர் தொண்டை முழுக்க வெள்ளை வெளேரென்று படிந்து கிடந்தது. விரலை விட்டுச் சுரண்டினேன். ஐஸ். திருச்சிராப்பள்ளியில், என் கட்டை விரல் நகத்தில்.

"என்ன சாமி அது, உப்பா?" என்றாள் மாரியாயி.

"ஐஸ் ஆத்தா. தொட்டுப் பாரு."

தொட்டாள். "ஆத்தாடி! அப்ப அந்த அம்மா பொய் சொல்லலையா?" என்றாள். ஊரில் முதல் முதலாக அதைக் கேட்டது அவள்தான்.

நான் கேப்டன் அறைக்கு ஓடினேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். "சார், வந்து பாருங்க சார். ஐஸ் பிடிச்சிருக்கு. கரையறதுக்குள்ள வாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கம்பியை அவுத்துடுய்யா. பத்து மணிக்குள்ள. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஆளுக்கு ஐஸ் தெரியும். மணலில் நின்றபோதே தெரியும். கம்பியை அவிழ்த்துவிட்டால் குமிழ் சுலபமாக வரும். பெண் இழுக்கவே இல்லை, பொய் சொல்கிறாள் என்று ஆகிவிடும். விரலில் ரத்தம் கட்டியவளைப் பொய்க்காரி ஆக்க என் கையையே கேட்கிறார். "முடியாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கமிட்டியில் செயலாளர், கேப்டன், டவுன் பெரிய மனிதர்கள் இரண்டு பேர். வேதவதி தனியாக வந்து உட்கார்ந்திருந்தாள். செயலாளர் அறிக்கையைத் தயாராகத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். 'பயிற்சி மாணவி பதற்றத்தில் எஞ்சினை அணைத்துவிட்டார். விமானத்தில் குறை ஏதுமில்லை.' அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் மேற்கொண்டு ஒன்றும் இல்லை, மரியாதையாக விலகிக்கொள்ளலாம் என்றார்.

"பண்ணாததைப் பண்ணினேன்னு எப்படி மாமா எழுதித் தரது?" என்றாள்.

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போனேன். "அந்தம்மா பதறலைங்க. ஹாட் ஏர் குமிழை நான்தான் கம்பி போட்டுக் கட்டினேன். ஜூன் மாசம், கேப்டன் சொல்லி. இன்னைக்குக் காலையில ஐஸை நான் பாத்தேன், மாரியாயி பாத்தா. கம்பி இன்னும் அங்கதான் இருக்கு, வந்து பாருங்க" என்றேன்.

எல்லாரும் வந்து பார்த்தார்கள். கம்பி இருந்தது. பிறகு கேப்டன், "நான் சொன்னதா லாக்ல எழுதியிருக்கா?" என்றார்.

"இல்லைங்க. எழுத வேண்டாம்னீங்க."

"அப்ப நீயாக் கட்டினது."

"சரிங்க. நானாவே கட்டினேன்னு எழுதுங்க. மெக்கானிக் பிலோமின்ராஜ் கட்டினான், அதனால எஞ்சின் நின்னுச்சுன்னு எழுதுங்க. அப்பவும் அந்தம்மா மேல தப்பு இல்லைதானே?"

இதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? பலியாகக் கழுத்தை நானே நீட்டிவிட்டேன். ஆனால் செயலாளர் என் கழுத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார்: "அப்படி எழுத முடியாதுய்யா. மெக்கானிக் தப்புன்னா அது கிளப் தப்பு. மெட்ராஸ்லேர்ந்து விமானத் துறைக்காரா வந்து கிளப்பையே மூடிடுவா. மாணவி தப்புன்னா யாருக்கும் நஷ்டம் இல்லை."

யாருக்கும் நஷ்டம் இல்லையாம். அவள் எதிரிலேயே, அவள் காது கேட்கச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "விடியக்காலையில பெருமாளைச் சேவிச்சுட்டுப் பதினோரு மணிக்கு இதுல கையெழுத்துப் போட உங்களுக்குக் கை வருதுங்களா? நானும் முந்தாநாள் கோயில்ல முழந்தாள் போட்டு இதை மறைச்சவன்தான். நம்ம ரெண்டு பேருக்கும் வெக்கம் வேணும்!" என்று கத்தினேன். அவர் முகம் சிவந்தது. ஆனால் அந்தக் காகிதத்தை அவர் கிழிக்கவில்லை.

நான் நேராகக் கொட்டகைக்குப் போய் லாக் புத்தகத்தை எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் அச்சடித்த புத்தகம், கிழித்தால் தெரிந்துவிடும். அதில் எழுத உரிமை உள்ளவன் நான் ஒருவன்தான். எழுதினேன். ஜூன் மாதம் கேப்டன் உத்தரவின்பேரில் ஹாட் ஏர் குமிழைக் கம்பியால் கட்டியது. அப்போது எழுதாமல் விட்டது என் குற்றம். டிசம்பர் பதினெட்டு, கார்புரேட்டரில் ஐஸ், மாணவி குமிழை இழுத்தும் வரவில்லை. டிசம்பர் இருபத்துமூன்று காலை, தரையில் ஓட்டிப் பார்த்து ஐஸ் உறுதி. விமானம் பறக்கத் தகுதியில்லை. கையெழுத்தும் லைசென்ஸ் நம்பரும் போட்டேன். இனி மெட்ராஸ்காரர் வந்து பார்க்காமல் அது தரையை விட்டுக் கிளம்ப முடியாது. கேப்டன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்க அவருக்கு வழியில்லை.

பொங்கல் கழித்து மெட்ராஸிலிருந்து ஆள் வந்தார். வந்தவர் காலை ஆறு மணிக்கு வந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். என் லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைத்தார். கேப்டனுக்கு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். வேதவதி மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார். பரீட்சை தள்ளிப் போனாலும் உண்டு. நான் ஒரு பஸ் பட்டறையில் வேலைக்குச் சேர ஏற்பாடாகிவிட்டது.

கடைசி நாள் என் ஸ்பானர்களை எடுக்கப் போனேன். வேதவதி கொட்டகையில் நின்று, லாக்கில் நான் எழுதிய பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். என்னதான் ஆனாலும் நானும் மனுஷன்தானே, ஒரு நன்றி சொல்லுவாள் என்று எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. வேலையை விட்டவனுக்கு அதாவது கிடைக்க வேண்டாமா?

அவள் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தாள். கோபமாகக்கூட இல்லை, கேள்வி கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஊரே சிரிச்சுது. எங்கப்பா இந்த ஒரு மாசமா என்னோட பேசறதில்லை. அன்னிக்கு மணல்ல உங்களைத்தானே கேட்டேன், பிலோமின்ராஜ் சார். அப்பவே சொல்லியிருக்கலாமே?"

சொல்லியிருக்கலாம். நான் ஸ்பானர்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.